தெருப் பந்தயமா, நிரந்தரத் தடமா?

புது நகரத்துக்குச் சர்வதேசக் கார் பந்தயம் வரும் என்ற பேச்சு எழுந்தாலே வேலூர் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறோம்: நகரச் சாலைகளை அடைத்து ஓட்டும் தெருப் பந்தயமா, பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தரத் தடமா என்று.

செலவு: தெருத்தடத்துக்கு நிலம் வாங்க வேண்டாம். நிரந்தரத் தடத்துக்கு நிலமே பெரிய செலவு.

நிலைப்பு: ஹைதராபாத் தெருக்களில் 2023இல் மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது, 2024 பந்தயம் ரத்தானது. டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவின் நிரந்தரத் தடத்திலும் ஃபார்முலா 1 2013உடன் நின்றது. ஆனால் தடம் இருந்ததால்தான் 2023இல் மோட்டோஜிபி பைக் பந்தயம் அங்கே வந்தது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990 முதல் இருக்கிறது.

போய்வர: 2024இல் இரவுப் பந்தயம் நடந்த சென்னை தீவுத்திடலுக்குக் காட்பாடியில் ரயில் ஏறினால் போதும், சென்ட்ரலுக்குப் பக்கம்தான். இருங்காட்டுக்கோட்டைக்குச் சொந்த வண்டி இருந்தால் வசதி, நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது.

குடும்பத்தோடு பார்த்து ரசிக்கத் தெருப் பந்தயம் சரி. நம் பிள்ளைகள் ஓட்டிப் பழக வேண்டுமென்றால் தடம்தான் வேண்டும். என் ஓட்டு அதற்கே.