அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்தக் கீட்டோன் மீட்டர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

விரல்நுனி இரத்தத்தில் கீட்டோன் அளவைக் காட்டும் சிறு மீட்டரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். இதை வாங்கலாமா என்று மற்ற மருத்துவமனைகளில் பணியாற்றும் நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. கட்டாயம் வாங்கலாம் என்பதே என் பதில். இன்சுலின் பற்றாக்குறையால் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேர்ந்துவிடும் அவசர நிலை, டிகேஏ எனப்படும் நீரிழிவுக் கீட்டோஅசிடோசிஸ்; அதைக் கண்டறிய இது உதவும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால், இன்சுலினை எப்போது நிறுத்தக் கூடாது என்று சொல்வதில் இது செய்யும் உதவிதான் அதைவிடப் பெரிது என்பது நாள்பட்ட பயன்பாட்டில்தான் எனக்குப் புலப்பட்டது.

முன்பு எங்களிடம் இருந்தது சிறுநீர் ஸ்ட்ரிப் மட்டுமே. அதில் உள்ள நைட்ரோபுருசைடு என்ற வேதிப்பொருள், கீட்டோன்களில் அசிட்டோஅசிட்டேட்டை மட்டும் காட்டிக்கொடுக்கும். டிகேஏவில் மிகுதியாகச் சேர்வதோ பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற மற்றொரு கீட்டோன். சிகிச்சை பலனளிக்கத் தொடங்கியதும் இது அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால், நோயாளி தேறிக்கொண்டிருக்கும் வேளையில்கூட ஸ்ட்ரிப்பின் ஊதா நிறம் அடர்ந்து, நிலைமை மோசமாவதுபோல் தோன்றும். போதாக்குறைக்கு, உடலில் நீர் வற்றி வருபவரிடம் சிறுநீர் மாதிரி கிடைப்பதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மீட்டரோ ஒரு சொட்டு இரத்தத்திலிருந்து, ஏறத்தாழ 10 நொடிகளில், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டையே நேரடியாக அளந்துவிடுகிறது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள் பரவலான பிறகு இதன் அருமை இன்னும் கூடிவிட்டது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இம்மருந்துகளை உட்கொள்பவருக்கு, இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே டிகேஏ வரக்கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. வாந்தியும் வயிற்று வலியுமாக வந்த ஒரு பெண்மணியின் சர்க்கரை 176 என்று இருந்ததால், இரைப்பை அழற்சி என்று எண்ணி மருந்து எழுதும் கட்டத்துக்குப் போய்விட்டோம். அப்போது பணியில் இருந்த செவிலியர், "சார், சுகர் பரவாயில்லை, ஆனா மூச்சு ரொம்ப ஆழமா இழுக்கிறாங்க, கீட்டோன் பார்த்திடட்டுமா?" என்று கேட்டார். மீட்டர் 5.4 காட்டியது; சிரை இரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் (குறையக் குறைய இரத்தத்தில் அமிலம் கூடுதல் என்று பொருள்) 7.12. இத்தகையவருக்குச் சர்க்கரை குறைவாக இருக்கிறதே என்று இன்சுலினைத் தள்ளிப்போடக் கூடாது. தொடக்கத்திலிருந்தே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலையும் சேர்த்து ஏற்றியபடி இன்சுலினைக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையும் இதையே ஒட்டிச் செல்கிறது. டிகேஏ என்று முடிவுசெய்ய அது கேட்பவை: சர்க்கரை 200க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே நீரிழிவு இருந்தால் போதும், கீட்டோன் லிட்டருக்கு 3 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், பிஎச் 7.3க்குக் கீழ் அல்லது அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 18க்குக் கீழ்.

சிகிச்சை தொடங்கிய பின்னர்தான் மீட்டரின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்ற அளவில் இன்சுலின் ஓடும்போது, கீட்டோன் மணிக்குக் குறைந்தது 0.5 மில்லிமோல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் நாங்கள் பார்ப்பது சிரிஞ்சு பம்ப்பையும் குழாயையும்தான். ஊசி சிரையை விட்டு விலகியிருக்கும். மூன்று வழி அடைப்பான் திரும்பியிருக்கும். இல்லையேல், இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்து, கரைசலைச் சிறிது ஓட்டி வெளியேற்றாமலே குழாயை இணைத்திருப்பார்கள். சர்க்கரை 250க்குக் கீழே வந்ததும் இன்சுலினை நிறுத்திவிடும் பழக்கத்தை எங்கள் பிரிவிலிருந்து அகற்றியதும் இந்த மீட்டர்தான். அந்த நேரத்தில் கீட்டோன் இன்னும் 3 அல்லது 4 என்று திரையில் தெரியும்போது, இன்சுலினை நிறுத்தாமல் டெக்ஸ்ட்ரோஸைச் சேர்ப்பதுதான் வழி என்பதைப் புதிதாகச் சேர்ந்த மருத்துவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இரத்த அழுத்தம் தாழ்ந்து கை சில்லிட்டுப் போனவரின் விரல்நுனி அளவை நான் நம்புவதில்லை. சிரை இரத்தத்தையே பயன்படுத்துகிறோம். மிக உயர்ந்த அளவுகளில் மீட்டரின் துல்லியம் குறைகிறது; ஒரு வரம்புக்கு மேல் எண்ணே வராமல் 'ஹை' என்று மட்டும் காட்டுவதால், முதல் சில மணி நேரம் இறக்கம் தெரியாமலே போகக்கூடும். பட்டினி கிடந்தவருக்கும், மது அருந்திவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்கும் கீட்டோன் உயரும் என்பதால், பிஎச் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. ஸ்ட்ரிப்களின் காலாவதித் தேதி தனிக் கவலை. சர்க்கரை ஸ்ட்ரிப் அளவுக்கு வேகமாகச் செலவாகாததால் அலமாரியின் பின்வரிசையில் கிடந்து வீணாகின்றன. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்த பிறகே அது சீரானது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மீட்டர் காட்டாத ஓர் எண்: பொட்டாசியம். டிகேஏவுடன் வருபவரின் பொட்டாசியம் முதல் பரிசோதனையில் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஆனால் உடலின் மொத்தக் கையிருப்பு கரைந்திருக்கும். இன்சுலின் ஓடத் தொடங்கியதும் அது செல்லுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் சரசரவென இறங்கும். 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியத்தை ஏற்றிய பிறகே இன்சுலின் என்ற விதியைக் கீட்டோன் எவ்வளவு பயமுறுத்தினாலும் மீறக் கூடாது. கையில் உடனடி எண் ஒன்று கிடைத்துவிட்டால் ஆய்வகத்திலிருந்து வர வேண்டிய எண் மனதில் பின்னுக்குப் போய்விடுவது இயல்பு. அதனால்தான் எங்கள் கண்காணிப்புத் தாளில் கீட்டோனுக்குப் பக்கத்திலேயே பொட்டாசியத்துக்கான கட்டத்தையும் அச்சிட்டு, அது நிரம்பாமல் இன்சுலினைத் தொடங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

ஹார்மோன் கோளாறால் வரும் பிற அவசர நிலைகளான அட்ரினல் நெருக்கடியிலோ தைராய்டு புயலிலோ இக்கருவியால் பயன் ஏதும் இல்லை. அங்கே ஐயம் எழுந்ததுமே மருந்தைத் தொடங்க வேண்டும். அட்ரினல் நெருக்கடி என்று தோன்றினால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலின் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனைச் செலுத்திவிட வேண்டும்.

வார்டுக்கு மாற்றும் நேரத்தில் மீட்டர் மறுபடியும் கைகொடுக்கிறது. கீட்டோன் 0.6க்குக் கீழே இறங்கி, பிஎச் 7.3ஐ எட்டி, நோயாளி சாப்பிடத் தொடங்கிய பிறகு, தோலுக்கடியில் நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினைப் போட்டுவிட்டு, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கழித்தே டிரிப்பை நிறுத்துகிறோம். நிறுத்திய பின் ஒருமுறை கீட்டோன் பார்த்து, அந்த எண்ணையும் மாற்றுக் குறிப்பில் எழுதித்தான் நோயாளியை வார்டுக்கு அனுப்புகிறோம்.