எந்த டெஸ்ட் முதலில் ஓட வேண்டும்? சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

நான் வேலை பார்ப்பது ஒரு பில்லிங் மென்பொருளில். மொழி பைத்தான். டெஸ்ட்களை, அதாவது மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்களை, ஓட்டுவது பைடெஸ்ட் என்ற கருவி. மொத்தமும் ஓடி முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு டெஸ்ட் விழுந்தால் (தோற்றால்), நிரலை எழுதியவர் அதற்குள் அடுத்த வேலையில் மூழ்கியிருப்பார். அதனால் எந்த டெஸ்டையும் நீக்காமல், வரிசையை மட்டும் மாற்றும் முறைகளை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். மென்பொருள் சோதனை ஆய்வாளர் கிரெக் ராதர்மெல் குழுவினரின் ஆய்வுகளிலிருந்து பரவலான ஏபிஎஃப்டி (APFD), அதாவது தவறுகள் எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகின்றன என்று காட்டும் எண், அதற்குப் போதும். பத்து டெஸ்ட், இரண்டு தவறுகள் என்று வையுங்கள். அவை 8, 9ஆம் இடத்து டெஸ்ட்களில் பிடிபட்டால் மதிப்பு 0.20. அதே தவறுகள் 1, 3ஆம் இடங்களில் பிடிபட்டால் 0.85. ஒன்றை நெருங்க நெருங்க நல்லது.

கவரேஜை, அதாவது ஒவ்வொரு டெஸ்டும் நிரலின் எந்த வரிகளைத் தொடுகிறது என்ற கணக்கை, வைத்து வரிசைப்படுத்துவதில் இரண்டு வழி. அதிக வரிகளைத் தொடும் டெஸ்டை முதலில் ஓட்டுவது ஒன்று. எங்களுக்கு இது ஒத்துவரவில்லை. லாகின் முதல் பிடிஎஃப் வரை போகும் பெரிய டெஸ்ட்கள் எல்லாம் மேலே வந்து, ஒரே வரிகளைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தன. இன்னொன்று, இதுவரை யாரும் தொடாத வரிகளை அதிகம் தொடும் டெஸ்டை அடுத்தடுத்துத் தேர்வது. பரவலாகத் தேட இது நிச்சயம் மேல். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு.

100.50 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மத்திய, மாநிலப் பங்கு தலா 9 சதவீதம், அதாவது 9.045. எங்கள் விதிப்படி இது 9.05 ஆக வேண்டும். பைத்தானின் டெசிமல் என்ற தசம எண் வகையில் முழுமையாக்கும் முறையைக் குறிப்பிடாமல் விட்டால் 9.04 தான் வரும். அந்த வரியை எத்தனையோ டெஸ்ட்கள் தொடுகின்றன, ஆனால் பைசாவைச் சரிபார்ப்பது ஒன்றே ஒன்று. ஒரு பிடிஎஃப் டெஸ்ட் முதலில் ஓடியதுமே அந்த வரி 'தொட்டாயிற்று' என்று கணக்காகி, தவறைப் பிடிக்கவேண்டிய டெஸ்ட் வரிசையின் அடியில் போய் நின்றது. வரியைத் தொடுவதும் விடையைச் சோதிப்பதும் வேறு வேறு. கவரேஜ் முறைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்றாட வேலைக்கு அதிகம் கைகொடுத்தது வரலாறுதான். சமீபத்தில் விழுந்ததை முதலில் ஓட்டும் வசதி பைடெஸ்டிலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கான ஜெஸ்ட் என்ற கருவி அதைக் கேட்காமலே செய்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பைடெஸ்ட் இந்த நினைவை ஒரு தற்காலிகச் சேமிப்பு (கேஷ்) கோப்புறையில் வைக்கிறது. மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ (CI) அமைப்பில் ஒவ்வொரு முறையும் புது மெஷின் வருகிறதென்றால், அந்தக் கோப்புறையைச் சேமித்து மீட்காதவரை இந்த வசதி இருந்தும் இல்லாததுதான்.

வரலாற்று முறையின் எதிரி ஃப்ளேக்கி டெஸ்ட்கள், அதாவது நிரல் மாறாமலே சில நேரம் தேறி, சில நேரம் விழுபவை. நெட்வொர்க் தாமதத்தால் அவ்வப்போது விழுபவை எப்போதும் முன்வரிசையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அவற்றைத் தனிக் குழுவாகப் பிரித்த பிறகே இந்த முறையின் உண்மையான பலன் தெரிந்தது. வரிசை மாறியதும் சில டெஸ்ட்கள் காரணமில்லாமல் விழுந்தன. பார்த்தால், முன்னால் ஓடும் டெஸ்ட் டேட்டாபேஸில் விட்டுப்போன வாடிக்கையாளர் பதிவை நம்பி அவை இருந்திருக்கின்றன. இது வெளியே வந்ததே பெரிய லாபம்.

நேரத்தையும் விடக்கூடாது. ஏபிஎஃப்டி எல்லா டெஸ்டுக்கும் ஒரே செலவு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொடி டெஸ்டும் இரண்டு நிமிட டெஸ்டும் ஒன்றாகுமா? செலவையும் சேர்த்துக் கணக்கிடும் வடிவம் 2001லேயே வந்துவிட்டது. ஒரே ப்ராசஸில் ஓட்டினால் குறுகியவை முதலில் ஓடுவது நல்லது. பல ப்ராசஸ்களில் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் நீளமானதை முதலில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் கடைசியில் ஒரு நீள டெஸ்டுக்காக மற்றவை சும்மா காத்திருக்கும்.

இப்போது மெர்ஜுக்கு (மாற்றத்தைப் பொது நிரலில் சேர்ப்பதற்கு) முன் எங்கள் வரிசை இதுதான்: மாற்றிய மாட்யூலின் டெஸ்ட்கள், சமீபத்தில் விழுந்தவை, அப்புறம் குறுகியவை. கவரேஜ் வரிசை இரவு ஓட்டத்துக்கு மட்டும். புதிதாக எழுதிய டெஸ்டுக்கு வரலாறே இருக்காது, அதனால் முதல் ஒரு வாரம் அதைக் கையாலேயே முன்னால் வைக்கிறோம்.