ஒரே நாய், பல சிகரெட் பெட்டிகள்: ஃபாக்ஸ் டெரியர் அட்டைகளில் எதை வாங்கலாம்?

சிகரெட் அட்டை என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும். காலிப் பெட்டியைக் கிழித்து முகப்பை மட்டும் எடுத்து, தரையில் வட்டம் போட்டு அடுக்கி, தட்டைக் கல்லால் அடித்து வெளியே தள்ளும் விளையாட்டு. சிசர்ஸுக்கு ஒரு மதிப்பு, சார்மினாருக்கு ஒரு மதிப்பு. நான் எழுத வந்தது பெட்டிக்கு உள்ளே இருந்த அட்டையைப் பற்றி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்துச் சிகரெட் மெல்லிய தாள் உறையில் வந்தது. பையில் போட்டால் நசுங்கிவிடும். விறைப்புக்காக ஓர் அட்டையைச் செருகினார்கள். அதை ஏன் வெறுமனே விடுவானேன் என்று முன்பக்கம் படமும் பின்பக்கம் நாலு வரிக் குறிப்பும் அச்சிட்டார்கள். வழக்கமான அளவு 36-க்கு 68 மில்லிமீட்டர். உள்ளங்கையில் இரண்டை வைத்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட் வீரர், ரயில், பூ, கப்பல் என்று எல்லாமே இந்த அட்டைகளில் வந்திருக்கின்றன. என் பைத்தியம் நாய். அதிலும் ஃபாக்ஸ் டெரியர் மட்டும். நரி வேட்டையில், பொந்துக்குள் பதுங்கிய நரியை வெளியே விரட்டுவதற்காக வளர்த்த சின்ன நாய். வழவழப்பான முடி உள்ளது ஒன்று, கம்பி போல் முறுக்கிய முடி உள்ளது ஒன்று. அட்டைக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாகப் போடுவது வழக்கம். நமக்கும் இது முழுக்க அந்நியமில்லை. இசைத்தட்டின் நடுவில் குழாய்க்குள் காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்குமே, அந்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் நாய் நிப்பர், அது கலப்பு இனம்தான், ஆனாலும் ஃபாக்ஸ் டெரியர் சாயல் நன்றாகவே தெரியும்.

முதல் தகராறு: முழுத் தொகுப்பா, ஒரே இனமா? ஐம்பது அட்டை கொண்ட நாய்த் தொகுப்பை ஒன்றுவிடாமல் சேர்ப்பதுதான் மரபு. கடைக்காரர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். இந்த வழியின் உச்சியைப் பார்க்க ஆசையிருந்தால் எட்வர்ட் வார்ட்டன்-டைகர் இருக்கிறார். சுரங்கத் தொழிலில் பெரிய பதவி வகித்தவர். பத்து லட்சத்துக்கு மேல் அட்டை சேர்த்தார். 1995-ல் அவர் இறந்தபோது அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. சரி, நம்மால் ஆகிற காரியமா? தொகுப்பு முடிந்ததும் ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுவோம் என்பதுதான் இந்த வழியில் எனக்குள்ள குறை. ஒரே இனத்தைப் பிடித்தால் ஐம்பது கம்பெனியின் ஐம்பது தொகுப்பிலிருந்தும் ஒன்றோ இரண்டோ உதிரியாக எடுக்கலாம். அப்புறம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

என்னிடம் அதிகம் புழங்குவது ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ் அட்டைகள். நாட்டிங்ஹாம் கம்பெனி. இவர்கள் ஆர்தர் வார்டில் என்ற ஓவியரிடம் நாய்ப் படங்களை வரைந்து வாங்கி, 1929-ல் தலைகள் மட்டும் கொண்ட 50 அட்டையும், 1931-ல் முழு உடலோடு 50 அட்டையும் வெளியிட்டார்கள். வார்டில் சிகரெட் அட்டைக்காகக் கிடைத்த கூலி ஓவியர் இல்லை. ஃபிரான்சிஸ் ரெட்மண்ட் என்பவர் வளர்த்த வழவழப்பு ஃபாக்ஸ் டெரியர்கள் பதினொன்றை ஒரே படத்தில் நிறுத்தி 1897-ல் ‘டாட்டரிட்ஜ் இலெவன்’ என்று வரைந்தவர். கிரிக்கெட் அணி மாதிரி பதினோரு நாய். மற்ற இனங்களை எப்படியோ, இந்த இனத்தை அவர் கை நன்றாகப் பழகியது.

இரண்டு பிளேயர் தொகுப்பில் எது? தலை அட்டைதான் அழகு என்பார்கள் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கம்பிமுடி நாயின் தலையை லென்ஸில் பாருங்கள். நீண்ட செவ்வகமாகப் போகிற முகம், கண்ணுக்கு மேல் சிலிர்த்த புருவம், மோவாயில் தாடி, காது முன்பக்கமாக மடிந்து ‘வி’ எழுத்துப் போல விழுகிறது. கண் சின்னது, கருப்பு, உங்களைப் பார்க்காமல் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற பார்வை. இத்தனையும் தீப்பெட்டிப் படத்தைவிடக் கொஞ்சமே பெரிய இடத்தில்.

ஆனால் தலை அட்டை ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. ஃபாக்ஸ் டெரியரின் உயிரே அது நிற்கிற தோரணையில்தான் இருக்கிறது. முன்னங்கால் இரண்டும் கம்பு நட்டதுபோல நேராக, முதுகு குட்டையாக, வால் விறைப்பாக மேலே. 1931 அட்டையில்தான் அது கிடைக்கும். அந்த வாலையும் கவனியுங்கள். நுனி இருக்காது. அந்தக் காலத்தில் இந்த இனத்துக்கு வாலைக் கொஞ்சம் நறுக்கிவிடுவது வழக்கம். இங்கிலாந்தில் 2007-லிருந்து, சில வேலை நாய்களைத் தவிர, அதற்குத் தடை. ஆகவே நறுக்கிய வாலோடு நிற்கிற அந்த அட்டை, காலத்தைச் சொல்கிற அட்டையும்கூட. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1931 வாங்குங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் என்றால் 1929.

பிளேயருக்குப் பெரிய போட்டி பிரிஸ்டலின் வில்ஸ். போட்டி என்று சொன்னாலும் அண்ணன் தம்பிச் சண்டைதான். அமெரிக்கப் புகையிலைக்காரர் டியூக் பிரிட்டிஷ் சந்தைக்குள் நுழைந்ததும், அவரை எதிர்க்க 1901-ல் 13 கம்பெனிகள் சேர்ந்து இம்பீரியல் டொபாக்கோவாகின. வில்ஸும் பிளேயரும் அதற்குள்ளேதான். வில்ஸ் 1914, 1915-ல் பெரிய அளவில் 25, 25 ஆக நாய்த் தொகுப்பு போட்டது. 1937-ல் சிறிய அளவில் 50. பெரிய அட்டை என் கண்ணுக்கு இதம். வெள்ளெழுத்து வந்த பிறகு அதன் அருமை இன்னும் புரிகிறது. முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டால் 1917-ல் அட்டைகளே நின்றுபோயின. அதனால் 1914 தொகுப்பும் 1937 தொகுப்பும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி உள்ள இரண்டு உலகங்கள். சேகரிப்புக்கு வயது வேண்டும் என்பவர் முதலாவதைத் தேடலாம். 1937 பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. சுத்தமான வேலை, மலிவு, எங்கும் கிடைக்கும். வார்டிலின் நாயிடம் இருக்கிற துடிப்பு அதில் எனக்குத் தென்படவில்லை.

இடையில் ஒரு வார்த்தை. நம் பக்கத்துச் சிசர்ஸ் பெயரிலும் வில்ஸ், முதல் உலகப் போருக்கு முன்பு, இந்தியாவில் விற்பதற்கென்றே தனி அட்டைகள் போட்டது. படைப்பிரிவுகளின் செல்லப் பிராணிகள் என்றே அதில் ஒரு தொகுப்பு உண்டு. இனச் சேகரிப்புக்கு அது உதவாது. ஆனால் எங்காவது கண்ணில் பட்டால் நான் விடமாட்டேன்.

கலாஹர் இம்பீரியலுக்கு வெளியே நின்ற பெல்ஃபாஸ்ட் கம்பெனி. 1934-ல் 48, 1938-ல் இன்னொரு 48. பிளேயரையும் வில்ஸையும் முடித்தவர்களுக்கான அடுத்த படி. அதற்குமேல் இங்கே நின்று பேச வேண்டியதில்லை.

ஓவியத்துக்குச் சரியான எதிராளி புகைப்படம். சீனியர் சர்வீஸ் என்ற சிகரெட்டோடு 1939-ல் 48 நாய்ப் புகைப்படங்கள் வந்தன. பிரிட்டனில் அட்டை அச்சிடுவது போரினால் 1940-ல் நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த கடைசி நாய்களில் இவையும் உண்டு. முதலில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. வண்ணம் இல்லை, மினுமினுப்பு வேறு. ஒருநாள் வார்டிலின் நாயையும் இந்தப் புகைப்படத்தையும் ஒன்றாக விளக்கடியில் வைத்தேன். வார்டில் எங்கெல்லாம் கை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் வரைந்தது நாய்க் கண்காட்சி நடுவர் மனதில் வைத்திருக்கிற நாயை. தாடையில் ஒரு கோடுகூடப் பிசகாது. கேமரா முன்னால் நிற்கிற நாயோ ஒரு நிமிஷம் நின்று போகிற நாய். முடி கலைந்திருக்கலாம், காது ஒன்று ஏறுக்குமாறாக இருக்கலாம். அழகுக்கு வார்டில்தான். ஆனால் புகைப்பட அட்டையைப் பக்கத்தில் வைக்காதவர் வார்டிலைப் பாதிதான் பார்த்தவர்.

இன்னும் பின்னால் போனால் அமெரிக்கா. குட்வின் கம்பெனி 1890-ல் ஓல்டு ஜட்ஜ் சிகரெட்டோடு கொடுத்த ‘உலகத்து நாய்கள்’, மொத்தம் 50. பல கற்களில் வண்ணம் வண்ணமாக அச்சிட்ட கல்லச்சு. நிறத்தின் ஆழத்துக்கு நிகர் கிடையாது. இனம் என்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். நியூயார்க் அச்சகத்துக்கு நாயைவிட நிறம் முக்கியம். விலையும் பிரிட்டிஷ் அட்டையைவிடப் பலமடங்கு. இதில் லென்ஸ் ஒரு நல்ல வேலை செய்யும். அசல் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் தெளித்ததுபோலச் சிதறியிருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் வட்டம் வட்டமாக, ஒரே சீராகக் கோலம் போட்டதுபோல் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. பல மறுபதிப்புகளில் பின்பக்கமே அதைச் சொல்லிவிடும். விற்பவர் முன்பக்கப் படத்தை மட்டும் காட்டினால் பின்பக்கத்தையும் கேளுங்கள்.

வணிக அட்டைகள், அதாவது சிகரெட்டோடு வராதவை, தனி உலகம். நாய்க்காரர்களுக்கு அதில் ஸ்பிராட்ஸ் முக்கியம். நாய் பிஸ்கட் கம்பெனி. இன்றைக்கும் பெயர் பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை 1891-ல் லண்டனில் தன் பெயரில் தொடங்கிய சார்ல்ஸ் கிரஃப்ட், அதற்கு முன் ஸ்பிராட்ஸில் வேலை பார்த்தவர். ஆக, பிஸ்கட், கண்காட்சி, சாம்பியன் நாய், அட்டை எல்லாம் ஒரே வீட்டுச் சமாசாரம். சிகரெட் அட்டையில் நிற்பது பெயரில்லாத ‘ஃபாக்ஸ் டெரியர்’. பிஸ்கட்காரர் அட்டை என்றால் பெயரும் பட்டமும் உள்ள சாம்பியனைத் தேடிப் போகலாம். வம்சாவளி பார்க்கிற ஆளாக இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள். தேயிலைக்காரர்கள் போருக்குப் பிறகு, புரூக் பாண்ட் 1954-ல் பறவைகளோடு தொடங்கி, இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு அங்கே அதிக வேலை இல்லை.

எல்லாம் சொல்லிவிட்டு வீட்டு நிலவரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1930-களின் நடுவிலிருந்து பல அட்டைகளின் முதுகில் கோந்து தடவி வந்தது. நனைத்து, ஒரு பென்னி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ள. லண்டன் குளிருக்கு அது சரி. சென்னையில் ஒரு ஐப்பசி மழையில், நான் உறையில் போடாமல் டப்பாவில் அடுக்கி வைத்த ஆறு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிட்டன. கத்தி முனையால் பிரித்தேன். மூன்று பிழைத்தன. மற்ற மூன்றில் ஒரு நாயின் மூக்கு அடுத்ததன் முதுகில் இருக்கிறது. பிளேயர் 1929-ம் 1931-ம் கோந்துக் காலத்துக்கு முந்தியவை என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அவற்றின் பக்கம் சாய இன்னொரு காரணம். ஒவ்வோர் அட்டைக்கும் தனி உறை போடுங்கள். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது, மலிவான பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையையே பிடித்துக்கொள்ளும்.

பிளேயர், வில்ஸ் உதிரி அட்டைகளுக்குச் சில பவுண்டுகள் போதும். தபால் செலவு அட்டை விலையைத் தாண்டிவிடும் என்பதால், ஒன்றாகக் கேட்காமல் நாலைந்தைச் சேர்த்து ஒரே விற்பனையாளரிடம் வாங்குவேன். முனை மழுங்கியதைப் பொருட்படுத்த மாட்டேன். வெயிலில் நிறம் வெளுத்ததை மட்டும் எடுக்க மாட்டேன், அந்தக் கண்ணின் கருப்பு போய்விட்டால் நாயே போய்விடும்.

இதுவரை என் கைக்குச் சிக்காத ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் எட்வர்ட் அல்ல, ஏழாம் எட்வர்ட் மன்னரிடம் சீசர் என்ற கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர் இருந்தது. “நான் சீசர். நான் மன்னருடையவன்” என்று கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கும். 1910 மே மாதம் மன்னரின் இறுதி ஊர்வலத்தில், சவப்பெட்டிக்குப் பின்னால், ஜெர்மனியின் கைசர் உள்ளிட்ட முடிமன்னர்களுக்கு முன்னால் அது நடந்தது. சீசரை வளர்த்துக் கொடுத்தவர் நாட்டிங்ஹாம்ஷைரில் இருந்த நியூகாசில் சீமாட்டி. பிளேயர் தொழிற்சாலை இருந்ததும் அதே வட்டாரம். அந்த ஊர்வலம் எத்தனையோ நினைவுத் தபாலட்டைகளில் வந்தது. நல்ல நிலையில், சீசர் தெளிவாகத் தெரிகிற ஒன்று கிடைத்தால் வைப்பதற்கு, என் 1931 அட்டைக்குப் பக்கத்து உறையைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.