காயம்பட்ட வீரரை 'ஃபுல் ஃபிட்' என்று சொல்லி 3,40,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: கிளப் நடத்துகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கடலூரில் ஒரு கூடைப்பந்து கிளப்பின் பொருளாளர் நான். எங்கள் கிளப்பின் 3,40,000 ரூபாயை ஒரு நிறுவனம் விழுங்கிவிட்டு இப்போது போனை எடுக்க மறுக்கிறது. வக்கீல் நோட்டீஸ் இன்று காலையில்தான் தபாலில் போனது. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் கிளப் நடத்துகிற யாராவது இதே ஆட்களிடம் இப்போது பேசிக்கொண்டிருக்கலாம். அவர்கள் பணம் கட்டுவதற்குள் இது கண்ணில் பட வேண்டும்.

வழக்குக்குப் போகப் போவதால் பெயரை எழுதக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் வகையை மட்டும் சொல்கிறேன். விளையாட்டு வீரர்களையும் கிளப்புகளையும் சேர்த்துவைப்பதாகச் சொல்லும் ஆப் அது. ஆபீஸ் வெளி மாநிலத்தில். ஆப்பைத் திறந்தால் வீரரின் படம், உயரம், எடை, ஆடிய லீக், பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்பதற்கு அந்த டிக்.

மே மாதம் வந்தால் பெரியகுளம், கரூர், கோவை என்று அகில இந்தியப் போட்டிகள் வரிசையாக நடக்கும். வங்கி அணி, கடற்படை அணி என்று பெரிய அணிகள் வரும். அந்த அளவுக்கு ஒருநாள் போக வேண்டும் என்பது எங்கள் பையன்களின் ஆசை. நன்றாக ஓடுவார்கள், வெளியிலிருந்து ஷூட் செய்வார்கள். ஆனால் கூடைக்குப் பக்கத்தில் நின்று, தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரிபவுண்ட்) உயரமான ஆள் இல்லை. வெளிநாட்டு லீக் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடிய முன்னாள் வீரர், ஆறடி ஏழு அங்குலம், மூன்று மாதம் எங்களோடு தங்கி ஆடுவார், காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுப்பார் என்றுதான் பேச்சு. அதற்கு 3,40,000 ரூபாய். முழுவதும் முன்பணம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் பழைய பிளேயர் ஒருவர் அனுப்பினார். நெய்வேலியில் வேலையில் இருக்கும் இரண்டு பேர் போனஸில் கொடுத்தார்கள். மஞ்சக்குப்பத்துக் கடைக்காரர்கள், துறைமுகத்தில் படகு வைத்திருப்பவர்கள், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் என்று எல்லாரும் போட்டது. தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா, மகள் ஆடுகிறாள் என்பதற்காக இருநூறும் முந்நூறுமாகக் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ரசீது போட்டது நான்.

நாங்கள் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் கமிட்டி ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்து வீடியோ காலில் பேசினோம். அந்தப் பக்கம் பேசியவர் நல்ல தமிழ். "சார், எனக்கும் சிதம்பரம் பக்கம்தான். நம்ம ஊர் கிளப்பை ஏமாத்திட்டு நான் எந்த முகத்தோட ஊருக்கு வர்றது?" என்றார். அந்த ஒரு பேச்சில் எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. அப்படியும் நான் விடவில்லை. இந்த விளையாட்டில் குதித்துக் குதித்து முழங்கால் போகும் என்று எனக்குத் தெரியும். நேராகவே கேட்டேன்: "தம்பி, முட்டியில ஆபரேஷன், ஜவ்வு பிரச்சினை எதுவும் உண்டா?" ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஒன்னுமே இல்ல சார். எங்க டாக்டரே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவச் சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. முழங்கால் என்ற கட்டத்துக்கு நேராக 'நார்மல்' என்று டைப் அடித்திருந்தது. கீழே அவரே ஒரு வரி: "முட்டி ஓகே சார், ஃபுல் ஃபிட்." அடுத்த நாள் கிளப் கணக்கிலிருந்து 3,40,000 ரூபாயை அனுப்பினோம்.

வீரர் வந்தார். வட இந்தியப் பையன், மரியாதையானவர், எல்லாரையும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் பயிற்சியிலேயே எனக்கு உறுத்தியது. ஓடும்போது தெரியவில்லை. பந்துக்குக் குதித்துவிட்டு இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் இடது காலில் மட்டும்தான் இறங்கினார். வலது முழங்காலில் கறுப்பு உறை. பயிற்சி முடிந்ததும் ஐஸ் கேட்டார். துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பையன்கள் ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள். உறையைக் கழற்றியதும் பார்த்தேன். முட்டிச் சில்லுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு, பக்கத்தில் சின்னச் சின்னதாகத் துளைத் தழும்புகள், முட்டி பந்துபோல வீங்கியிருந்தது. ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கால் என்று டாக்டர் வந்து சொல்லத் தேவையில்லை.

ஸ்கேன் எடுத்தோம். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்கிற ஜவ்வு ஏற்கெனவே கிழிந்து, மாற்று ஜவ்வு வைத்திருக்கிறார்கள். அந்த மாற்று ஜவ்வும் மறுபடி கிழிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பும் சேதம். இந்தக் காலோடு ஆடவிட்டால் மூட்டே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அன்றோடு அவரை நிறுத்திவிட்டோம்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை அழுத்தியே சொல்கிறேன். அவர் தன் போனைத் திறந்து காட்டினார். எங்களிடம் வருவதற்கு முன்பே தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை அந்த நிறுவனத்துக்கு ஈமெயிலில் அனுப்பியிருக்கிறார். "பயிற்சி மட்டும் கொடுக்கிறேன், ஆட முடியாது" என்று எழுதியும் இருக்கிறார். ஆடத் தேவையில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஆடுவதைக் காட்ட நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய வீடியோவின் முழு வடிவமும் அவரிடம் இருந்தது. அதில் கோர்ட்டின் ஓரத்தில் 2019 என்று பேனர் தொங்குகிறது. எங்களுக்கு வந்ததில் அந்த ஓரம் வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் கட்டிய 3,40,000 ரூபாயில் அவர் கைக்குப் போனது 50,000. இங்கே நிலையான தொழில்முறை லீக் இருந்திருந்தால் இந்தப் பையன்கள் இப்படிப்பட்டவர்களிடம் போய் நிற்க மாட்டார்கள். இந்தியாவில் யூபிஏ என்ற கூடைப்பந்து லீக் 2015இல் தொடங்கி சில சீசன்களிலேயே நின்றுபோனது. உயரமும் திறமையும் இருந்து வருமானம் இல்லாதவர்களைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் முன்பு ஆடிய தங்கச்சி ஒருவர் இப்போது கடலூர் கோர்ட்டில் வக்கீல். ஒப்பந்தத்தைப் படித்தவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல 7ஆம் பிரிவையே காணோம்" என்றார். 6க்கு அடுத்து 8. ஆனால் 11ஆம் பிரிவில் '7ஆம் பிரிவில் சொல்லப்பட்ட மருத்துவப் பரிசோதனை' என்று ஒரு வரி அப்படியே கிடக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்த மாதிரி ஒன்றை எடுத்து, கிளப்புக்குப் பாதுகாப்பான அந்த ஒரு பிரிவை மட்டும் உருவிவிட்டு நம்மிடம் நீட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கூடைப்பந்தில் அந்தப் பிரிவுதான் உயிர். வீரர் வந்து இறங்கியதும் கிளப்பின் டாக்டரே பரிசோதிப்பார், தேறினால்தான் ஒப்பந்தம் நிலைக்கும். பொதுவாக அதற்குச் சில நாட்கள்தான் கெடு. கெடுவுக்குள் பரிசோதிக்காமல் விட்டால் பிறகு பழைய காயத்தைக் காட்டிப் பின்வாங்குவது கஷ்டம். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அணி மார்க் வில்லியம்ஸ் என்ற வீரரை வாங்க ஒப்புக்கொண்டு, மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்று முழுப் பரிமாற்றத்தையுமே ரத்து செய்தது. 2017இல் பாஸ்டன் அணியிலிருந்து வந்த ஐசையா தாமஸின் இடுப்புக் காயத்தைப் பார்த்த கிளீவ்லேண்ட் அணி, பாஸ்டனிடமிருந்து கூடுதலாக ஒரு டிராஃப்ட் வாய்ப்பை, அதாவது புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, கேட்டு வாங்கிக்கொண்டது. சம்பளத் தகராறு வந்தால் சர்வதேசக் கூடைப்பந்துக்கென்றே ஜெனீவாவை இருக்கையாகக் கொண்ட ஒரு நடுவர் தீர்ப்பாயம் 2007 முதல் இருக்கிறது. பிஏடி என்பார்கள். ஆனால் அதன் பெயர் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அங்கே போக முடியும். எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு: தகராறு வந்தால் அந்த நிறுவனமே நியமிக்கும் நடுவர், அவர்கள் ஊரில், அவர்கள் சொல்லும் தேதியில்.

புகார் சொன்னதும் அவர்கள் பேச்சு மாறிய விதம்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. முதலில் "உங்க புகாருக்கு டிக்கெட் போட்டிருக்கோம் சார், 48 மணி நேரத்துல பதில் வரும்" என்றார்கள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் புதிதாக ஒரு பெண் குரல், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னது. அப்புறம் இன்னொருவர். "சிதம்பரம் பக்கம்" என்றவரைக் கேட்டால், "அவர் இப்ப எங்க கம்பெனியில இல்ல சார்." சான்றிதழில் கையெழுத்துப் போட்ட டாக்டர் யார் என்று கேட்டால், "அது வெளி ஏஜென்சி கொடுத்தது." வேறு வீரர் தருகிறோம், கூடுதலாக 80,000 கட்டுங்கள் என்று ஒருவர் கூசாமல் கேட்டார். 3,40,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிற எங்களிடம்! கடைசியில் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர்கள் ஆட்கள் வரிசையாக வெளியேறிவிட்டார்கள். ஒரே ஒரு மெயில் மட்டும் வந்தது: "வீரரின் உடல்நிலையை உறுதிசெய்துகொள்வது கிளப்பின் பொறுப்பு. நீங்களே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கலாம்."

அந்த மெயிலுக்கு வக்கீல் தங்கச்சி கொடுத்த விளக்கத்தை மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது என்பது அது. இவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆனால் தவறான தகவலுக்கும், மோசடியாக வாயைத் திறக்காமல் இருந்ததற்கும்தான் அந்த விதிவிலக்கு. இங்கே நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள், கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே 'நார்மல்' என்று சான்றிதழ் அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது 17ஆம் பிரிவின்படி மோசடி. தாங்களே நடுவரை வைத்துக்கொள்வதும் செல்லாது, தகராறின் முடிவில் லாபம் உள்ளவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருப்பது அதற்குத் தடை இல்லை. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. லாபத்துக்காக எடுத்த சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடும், நாங்கள் லாபம் பார்க்காத பதிவுபெற்ற சங்கம் என்பதற்கான காகிதங்களை எடுத்துவைத்திருக்கிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்குச் சொல்கிறேன்: முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். உங்கள் டாக்டர், உங்கள் ஸ்கேன், அதில் தேறினால்தான் ஒப்பந்தம் என்று எழுதி வாங்குங்கள். வீரரிடம் நிறுவனத்து ஆள் இல்லாமல் தனியாகப் பேசுங்கள். போனில் சொல்வதை மெசேஜிலும் சொல்லச் சொல்லி எடுத்துவையுங்கள், இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் பலமே அந்த ஒரு வரி மெசேஜ்தான்.

இதே மாதிரி ஆப்பில் பணம் கட்டிய வேறு கிளப் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் 6க்கு அடுத்து எந்த எண் வருகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, பணம் அனுப்பிய வங்கி விவரத்தோடு அனுப்பினால் எங்கள் புகாரோடு சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன். நோட்டீஸுக்கு 15 நாள் கெடு கொடுத்திருக்கிறோம். 3,40,000 ரூபாயும் திரும்ப வரவில்லை என்றால் கெடு முடிந்த மறுநாளே ஆணையத்தில் புகார் போகும்.