சுழலும் கை வைத்த கோணமானி: அளக்க நல்லது, வரைய சுமார்

நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்கிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கோணமானி இது. உள்வட்ட எண்கள் சிவப்பு, வெளிவட்டம் நீலம், இதற்காகவே வாங்கலாம். 60 டிகிரியை 120 என்று படிப்பதுதான் இந்த வயதில் வழக்கமான குழப்பம், கோணத்தின் ஒரு கோடு எந்த நிறத்து 0-வில் படுகிறதோ அந்த நிறத்தையே பிடித்துக்கொண்டு போகச் சொன்னால் அது நன்றாகவே குறைகிறது. ஆனால் 0 கோடு விளிம்பில் இல்லை, கொஞ்சம் மேலே இருக்கிறது, பிள்ளைகளோ விளிம்பைத்தான் கோட்டின்மேல் வைப்பார்கள், பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். வரையும்போது கோணமானியின் சுழலும் கை தளர்ந்து நகர்கிறது, 45 போய் 47 ஆகிவிடும். அப்போது கையை ஒதுக்கிவிட்டு, டிகிரிக்கு நேரே புள்ளி வைத்து, அப்புறம் ஸ்கேலால் கோணத்தின் முனையோடு சேர்க்கச் சொல்லுங்கள். எண்கள் இன்னும் அழியவில்லை.