வெப் சர்வர் சோதனைக்கு ஷெல் அனுமதி: சாவியா, சான்றிதழா?

வெப் சர்வரைப் பாதுகாப்புச் சோதனைக்கு விடும்போது, சோதிப்பவரை ஷெல்லுக்குள் (சர்வரில் நேரடியாகக் கட்டளை தட்டும் இடம்) எப்படி அனுமதிப்பது என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழும். வெளியிலிருந்து தட்டிப் பார்த்தால் போதும் என்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கான்ஃபிக் கோப்புகளைப் படிக்க வேண்டும், சோதனைக் கோரிக்கை போகும் நொடியில் லாக்கில் (சர்வரின் பதிவேட்டில்) என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும், வெப் சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவருக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை இருக்கிறது என்று சரிபார்க்க வேண்டும் என்றால் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். நான் சில வருடங்கள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) சாவிகளைக் கொடுத்துப் பழகியவன். இப்போது முழுக்கச் சான்றிதழுக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாஸ்வேர்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு இலோனென் எஸ்எஸ்எச்சை எழுத உட்கார்ந்ததே, அங்கே வலையில் போன பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டதால்தான். சோதனைக்காகப் பாஸ்வேர்டு நுழைவைத் திறந்தால், தானாக ஊகித்துப் பார்க்கும் பாட் நிரல்களுக்கும் சேர்த்தே திறக்கிறோம்.

வெப் ஷெல்லும், அதாவது ஒரு வலை முகவரி வழியாகக் கட்டளைகளை ஓட்ட விடும் கோப்பும், அப்படியே. சோதிப்பவர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால், அதை நிரூபிக்கத் தான் எந்தப் பயனராக ஓடுகிறோம் என்று காட்டும் ஒரே ஒரு கட்டளையின் விடை போதும். தினசரி வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு கோப்பை அங்கேயே விட்டுவைத்தால், அந்த முகவரி தெரிந்த வேறு யாருக்கும் அது வேலை செய்யக்கூடும்.

சரி, மீதியிருப்பது சாவியும் சான்றிதழும்.

சாவி எல்லோருக்கும் தெரிந்த வழி. சோதிப்பவரின் பொதுச் சாவியை (சாவி ஜோடியில் வெளியே கொடுக்கக்கூடிய பாதி), அவர் நுழையப்போகும் சர்வர் பயனரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில், அதாவது யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலில், ஒரு வரியாக ஒட்டினால் முடிந்தது, அரை நிமிட வேலை. எந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம் என்று அதே வரியில் கட்டுப்படுத்தலாம். எஸ்எஸ்எச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச். 2018-ல் வந்த அதன் 7.7 பதிப்பு முதல் காலாவதித் தேதியும் போடலாம்.

சான்றிதழ் 2010-லேயே, ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4-ல் வந்துவிட்டது. வெப் தளங்களின் டிஎல்எஸ் (https) சான்றிதழோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது அதைவிட எளிய தனி வடிவம். நம்மிடம் ஒரு கையெழுத்துச் சாவி இருக்கும். சோதிப்பவரின் பொதுச் சாவியை அதனால் கையெழுத்திட்டுத் திருப்பித் தருகிறோம். யார், எந்தப் பயனராக நுழையலாம், எத்தனை மணி வரை, எந்த ஐபியிலிருந்து என்பதெல்லாம் அந்தச் சான்றிதழுக்குள்ளேயே இருக்கும். சர்வரில் எழுதுவது "இந்தக் கையெழுத்தை நம்பு" என்ற ஒரு வரி மட்டும்.

நுழையும் நேரத்தில் இரண்டும் சமம். என்னை மாற வைத்தது சோதனை முடிந்த பிறகு நடப்பதுதான்.

ஒருமுறை மூன்று பேர் சோதித்தார்கள். முடிந்த அன்றே மூன்று சாவிகளையும் நீக்கி, நீக்கியதாகக் குறித்தும் வைத்தேன். சில மாதங்கள் கழித்து அந்த சர்வரில் டிஸ்க் கோளாறு, ஸ்னாப்ஷாட்டிலிருந்து (ஒரு நேரத்தில் சர்வர் இருந்தபடியே எடுத்த நகல்) மீட்டோம். அந்த ஸ்னாப்ஷாட் சோதனை நடந்துகொண்டிருந்த வாரத்தில் எடுத்தது. மூன்று சாவிகளும் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன. அடுத்த சோதனைக்காக அந்தக் கோப்பைத் திறந்தபோதுதான் பார்த்தேன். இருந்த லாக்கில் தவறான நுழைவு எதுவும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் வைத்திருந்தது நான்கு வார லாக் மட்டுமே. அதற்கு முன் யாரும் நுழையவில்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைச் சொன்ன நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது.

சாவியை நீக்குவது பார்வைக்குத்தான் சின்ன வேலை. தளத்தைப் பதிவேற்றும் டெப்ளாய் பயனருக்கு ஒரு கோப்பு, எல்லா உரிமையும் உள்ள ரூட்டுக்கு ஒரு கோப்பு. அதோடு, கான்ஃபிகில் மாற்றாவிட்டால், பெயரின் கடைசியில் 2 என்று முடியும் இன்னொரு பழைய கோப்பையும் சர்வர் படிக்கும். அதைப் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. இவை எல்லாவற்றிலும், எல்லா சர்வரிலும், எல்லா பேக்கப்பிலும் ஒருவர் நினைவாக நீக்க வேண்டும். காலாவதித் தேதி போட்டிருந்தால் என் கதையில் சாவிகள் செத்திருக்கும், உண்மைதான். ஆனால் அதையும் ஒவ்வொரு வரியிலும் மறக்காமல் போட வேண்டும், போட்டாலும் வரி அங்கேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன? உள்ளே புகுந்தவன் திரும்பி வர வழி வைத்துக்கொள்ளும் இடமும் அதே கோப்புதான். தாக்குபவர்களின் உத்திகளைத் தொகுத்து வைக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் இந்த உத்திக்குத் தனி எண்ணே உண்டு. பழைய சோதனைச் சாவிகள் பத்து கிடக்கும் கோப்பில் பதினொன்றாவது வரி யாருடையது என்று யார் கேட்பார்கள்? சான்றிதழுக்கு மாறிய பிறகு, சாவிக் கோப்புகளைப் படிக்கவே வேண்டாம் என்று சர்வருக்குச் சொல்லிவிட்டேன். இப்போது அதில் ஒரு வரி தென்பட்டாலே விசாரணைதான். சோதிப்பவரே வசதிக்காகத் தன் சாவியைச் சேர்த்துவைத்தாலும் அது வேலை செய்யாது.

நான் கொடுக்கும் எட்டு மணி நேரச் சான்றிதழ் எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் உயிர்த்து வராது. அப்புறம் லாக். எல்லோரும் ஒரே சோதனைப் பயனராக நுழைந்தால், சாவிக்கு லாக்கில் விழுவது அந்தச் சாவியின் கைரேகை எனப்படும் எழுத்துக்கோவை, அது யாருடையது என்று பட்டியல் வைத்துத் தேட வேண்டும். சான்றிதழானால் நாம் கொடுத்த அடையாளப் பெயரும் வரிசை எண்ணும் நேராகவே விழும்.

இதில் வலியும் உண்டு. காலாவதியை சர்வர் நுழையும்போது மட்டுமே பார்க்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் எட்டு மணி நேரம் தாண்டியும் ஓடும், அதனால் மாலையில் திறந்திருப்பவற்றை நானே பார்த்து மூடுகிறேன். சர்வர் கடிகாரம் பின்தங்கியிருந்தால் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று திருப்பி அனுப்பும், ஆகவே ஐந்து நிமிடம் முன்தேதியிட்டுக் கையெழுத்திடுகிறேன். பயனர் பெயரைக் குறிப்பிடாமல் கையெழுத்திட்டு, ஏன் நுழைய முடியவில்லை என்று ஒரு காலை முழுக்கத் தேடியிருக்கிறேன். இரவு வேலை பார்த்த ஒருவரின் சான்றிதழ் நடுவில் தீர்ந்துபோய், என்னை எழுப்ப வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை அந்தக் கையெழுத்துச் சாவி. அது திருடு போனால், எடுத்தவர் விரும்பிய பயனருக்குச் சான்றிதழ் அடித்துக்கொள்வார். நான் அதை ஹார்டுவேர் டோக்கனில் (சாவியை வைக்கும் தனிச் சிறு கருவி) வைத்திருக்கிறேன், சோதனைக்கென்று தனிச் சாவி. சோதனைக் காலம் முடிந்ததும் அந்த நம்பிக்கை வரியையே சர்வரிலிருந்து எடுத்துவிடுகிறேன். அந்த வரி பேக்கப்பிலிருந்து திரும்பி வந்தாலும், டோக்கன் என் கையில் இருக்கும்வரை பயமில்லை.

என் அனுபவம் ஐந்தாறு சர்வர்கள், கையால் கையெழுத்திடுவது, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஹாஷிகார்ப் வால்ட் (ரகசியங்களையும் சாவிகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்) போன்ற ஒன்று தானாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதைப் பயிற்சி இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, நிஜச் சோதனையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஒரே சர்வர், ஒரே ஆள், இரண்டு நாள் வேலை, முடிந்ததும் இயந்திரத்தையே அழித்துவிடப் போகிறோம் என்றால் நானும் சாவிதான் கொடுப்பேன். அப்போதும் காலாவதித் தேதியையும் ஐபியையும் அந்த வரியிலேயே எழுதிவிட்டு, அந்த இரண்டு நாளும் ஸ்னாப்ஷாட்டை நிறுத்தி வைப்பேன்.