"ஏழே நாள்ல பேட் ட்ரெயினிங், கேரண்டி"ன்னு யாராவது சொன்னா அட்வான்ஸ் போட்டுடாதீங்க

சின்ன நாய்க்குட்டி வாங்கியிருக்கவங்க, வாங்கப் போறவங்க, முக்கியமா ஃப்ளாட்ல இருக்கவங்க இத கொஞ்சம் படிச்சிடுங்க. குட்டிய எங்க ஹாஸ்டல்ல விடுங்க, ஏழு நாள்ல பேட்ல (தரையில விரிக்கற, ஈரத்த உறிஞ்சற ஷீட்) மட்டும் உச்சா போற மாதிரி பழக்கித் தர்றோம்னு ரீல்ஸ் போட்டு ஆள் புடிக்கிறாங்க. சென்னை ஓஎம்ஆர் பக்கம்தான், புகார் போயிட்டு இருக்கறதால பேர் போடல, கமெண்ட்ல கேக்காதீங்க.

எங்க லட்டு ஷிட்ஸு, நீள முடி வெச்ச குட்டி ஜாதி நாய். ரெண்டு மாசம் முடிஞ்சப்புறம்தான் எடுத்துட்டு வந்தோம், எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டிய விக்கவே கூடாதுன்னு 2017 ப்ரீடிங் ரூல்ஸ்லயே இருக்கு. நாங்க இருக்கறது அஞ்சாவது மாடி, பார்வோங்கற வைரஸ் நோய்க்கான ஊசி எல்லா டோஸும் முடியாம கீழ தெரு நாய்ங்க நடமாடுற மண்ணுல கால வைக்க விடாதீங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், அது முடியவே குட்டிக்கு நாலு மாசம் ஆகிடும், அதுவரைக்கும் வீட்டுக்குள்ள பேட்தான் வழி. ரெண்டு பேரும் ஆபீஸ் போறவங்க, அப்பதான் அந்த ரீல்ஸ் கண்ல பட்டுச்சு.

மொத்தம் பன்னெண்டாயிரம், பாதி அட்வான்ஸ், அதுக்கு மேல "இம்போர்ட்டட் பேட்" ஒரு பாக்கெட் அவங்ககிட்டயே வாங்கணும்னு ஆயிரத்தைநூறு. எங்க அத்தை அன்னைக்கே சொன்னாங்க, "நம்ம வீட்டு கக்கூஸ் எங்க இருக்குன்னு அடுத்த வீட்டுல போயா கத்துக்கும்?" வீடே சிரிச்சுது.

விட்டதுக்கப்புறம் போய் பாக்க விடல. "உங்கள பாத்தா பப்பி ஸ்ட்ரெஸ் ஆகிடும் மேடம், ட்ரெயினிங் ரீசெட் ஆகிடும்"னு ஒரே பாட்டு. தினம் ஒரு வீடியோ மட்டும் வரும், வெள்ள ஷிட்ஸு ஒண்ணு ஓடி வந்து பேட் நடுவுல கரெக்டா உக்காந்து போகும், பிஸ்கட் குடுப்பாங்க. நாங்களும் குடும்ப குரூப்ல போட்டு பெருமைப்பட்டோம். அப்புறம் எங்க பையன்தான் சொன்னான், அம்மா நம்ம லட்டுக்கு இடது காது ப்ரவுன், இதுக்கு ரெண்டும் வெள்ளையா இருக்கேன்னு. கேட்டா "கேமரா லைட்ல அப்படித்தான் தெரியும் மேடம்"னு பதில் வருது. காது கலர மாத்துற லைட்ட நான் இப்பதான் கேள்விப்படுறேன்.

அன்னைக்கே போய் தூக்கிட்டு வந்தோம், மிச்ச காசையும் வாங்கிட்டுதான் குட்டிய வெளிய விட்டாங்க. நாத்தம் தாங்கல, நாலு பாதமும் மஞ்சளா இருக்கு, வயித்துப் பக்கம் தோல் செவந்து கெடக்கு. வீட்டுக்கு வந்து பேட்ட விரிச்சா அது மேல ஏறி படுத்து தூங்குது, உச்சா மட்டும் சோஃபாவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சு போகுது. யாராச்சும் பேப்பர கையில எடுத்தா போதும், நின்ன எடத்துலயே நடுங்கிட்டு உச்சா போயிடுது.

டாக்டர் பாத்ததும் சொல்லிட்டார், வயித்துல இருக்கறது உச்சா பட்டுப் பட்டு வெந்த தோலுன்னு. கூண்டுக்குள்ள முழுசா பேட்ட விரிச்சு நாள் முழுக்க அடைச்சு வெச்சிருந்தா இப்படித்தான் ஆகும்னார். நாய் இயல்பா படுக்குற எடத்த அசிங்கம் பண்ணாது, அந்த குணத்த வெச்சுத்தான் பழக்கமே, அதையே ஒடச்சிட்டாங்க. போன எடத்துல மூக்க தேய்க்கறது, அடிக்கறது பண்ணா இங்க போகக்கூடாதுன்னு அதுக்குப் புரியாது, மனுஷங்க எதிர்ல போகக்கூடாதுன்னுதான் புரியும், அதான் சோஃபா பின்னாடி. ஏழு நாள் கேரண்டியே நடக்காத கதை, அடக்கி வைக்கற கன்ட்ரோல் நாலு மாசத்துக்கு மேல மெதுமெதுவாத்தான் வரும், ரெண்டு மாச குட்டி தாங்கினா ரெண்டு மணி நேரம், அதுலயும் இந்த மாதிரி குட்டி ஜாதி நாய்க்கு மூத்திரப்பை சின்னது.

அந்த இம்போர்ட்டட் பேட்ட ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாத்தேன், உறிஞ்சாம ஓரமா வழிஞ்சு தரைக்கு வந்துடுச்சு. நல்ல பேட்ல உள்ள பஞ்சோட ஒரு பவுடர் இருக்கும், குழந்தைங்க டயாப்பர்ல இருக்கறதுதான், தண்ணி பட்டதும் ஜெல்லா மாறிடும். நான் கிழிச்சுப் பாத்ததுல வெறும் பஞ்சுதான்.

இப்ப வீட்டுல நாங்களே பண்றோம். எந்திரிச்ச ஒடனே, சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல, வெளாடி முடிச்சதும் பேட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம், போன ஒடனே அங்கயே ட்ரீட், நடந்து கிச்சனுக்கு வந்து எடுத்துக் குடுத்தா எதுக்குன்னு அதுக்குப் புரியாது. படுக்கை ஒரு மூலை, பேட் எதிர் மூலை, சுத்தி தடுப்பு. கால்மிதி எல்லாத்தையும் தூக்கி பரண்ல போட்டாச்சு, காலுக்கு மெத்துன்னு இருந்தா அதுக்கு அதுவும் பேட்தான். தப்பான எடத்துல போனா உச்சா வாசத்தையே ஒடைக்கற என்ஸைம் க்ளீனர் மட்டும், அமோனியா வாசம் வர்றத போட்டா உச்சா வாசம்னு நெனச்சு திரும்ப அங்கயே போகும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிட்டோம். பேட்ல படுக்கறது நின்னுடுச்சு, சோஃபா பின்னாடி போறது இன்னும் முழுசா போகல.

காச கேட்டா "நான்-ரீஃபண்டபிள்"னு ஒரு வரி, அப்புறம் ப்ளாக். கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்தாச்சு. அதுல முடியலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன்தான், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள கேஸுக்கு ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், டாக்டர் சீட்டு, தோல் போட்டோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். உங்க யாருக்காவது ரெண்டு காதும் வெள்ளையா ஒரு ஷிட்ஸு, பின்னாடி நீல கலர் பக்கெட், அந்த வீடியோ "உங்க பப்பி"ன்னு வந்திருந்தா தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க, இன்பாக்ஸ்ல வாங்க, ஏற்கனவே ஒருத்தங்க அனுப்பிட்டாங்க, அவங்களோடது பொமரேனியனாம்.